மருத்துவச்சியின் விசுவாசம்

போர்த்துக்கல் நாட்டுச் சிற்றரசன் ஒருவனின் மனைவிக்கு ஒரே பிரசவத்தில் ஒன்பது பெண் குழந்தைகள் பிறக்கின்றன. ஊர் என்ன சொல்லுமோ, கணவன் என்ன செய்வானோ என்று பதறிய தாய், ஒன்பதையும் ஆற்றில் அமுக்கிவிடும்படி மருத்துவச்சியிடம் சொல்கிறாள். மருத்துவச்சி கிறிஸ்தவள். குழந்தைகளை எடுத்துக்கொண்டு புறப்படுகிறாள். ஆனால் ஆற்றுக்குப் போகவில்லை. தனக்கு நம்பகமான வீடுகளில் அவற்றை வளர்க்கக் கொடுத்துவிடுகிறாள். அந்த ஒன்பது பேரில் ஒருத்திதான் கித்தேரி. வளர்ந்த பிறகு தகப்பன் அவளை அடையாளம் கண்டுகொள்கிறான், தன் மதத்தில் மாப்பிள்ளை பார்க்கிறான். அவள் மறுத்து ஓடுகிறாள். பிடிபட்டு வெட்டுப்பட்டுச் சாகிறாள். ஐரோப்பியப் புனிதர் மரபில் வழங்கும் இந்தக் கதையின் நாயகியைத்தான் வீரமாமுனிவர் 'கித்தேரி அம்மாள் அம்மானை'யில் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

நான் படித்த இலக்கிய வரலாறுகளில் இந்த அம்மானை ஒரு பெயர். முனிவரின் நூல்கள் யாவை என்ற கேள்விக்கான விடையில், 'திருக்காவலூர்க் கலம்பக'த்துக்கும் 'அன்னை அழுங்கல் அந்தாதி'க்கும் பக்கத்தில் ஓர் இடம். தேம்பாவணி என்றால் 3 காண்டம், 36 படலம், 3615 பாடல். சதுரகராதி என்றால் 1732. போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகள் இவற்றைத் தூக்கத்திலும் சொல்வார்கள். கித்தேரி யார், எதற்காகச் செத்தாள் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த மருத்துவச்சியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

எனக்கு அந்த மருத்துவச்சிதான் முக்கியமாகப் படுகிறாள். வேதசாட்சிக் கதைகளுக்கு ஒரு இலக்கணம் உண்டு. சாகப்போகிறவள் நடுங்கக் கூடாது. முகம் மலர்ந்திருக்க வேண்டும், வெட்டுபவனே வியக்க வேண்டும். கித்தேரி அந்த இலக்கணத்துக்குள் நிற்பவள். மருத்துவச்சிக்கு அந்தச் சலுகை கிடையாது. அவள் கையில் ஒன்பது குழந்தைகள் இருந்தன. ஒன்று வீறிட்டாலும் போதும், அரண்மனைக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவள் நடுங்கிக்கொண்டுதான் நின்றிருப்பாள். அரசியின் சொல்லை மீறியவள், கூலிக்கு வேலை செய்பவள், உண்மை வெளிப்பட்டால் முதலில் தலை போவது அவளுக்குத்தான். அந்த நடுக்கத்தோடேதான் அவள் ஒரு கதவைத் தட்டி, உள்ளே இருக்கும் இன்னொரு பெண்ணை நம்பினாள். கடவுள் மேல் அவளுக்கிருந்த நம்பிக்கை, கீழ்ப்படியாமையாகவும் இன்னொரு பெண்ணின் மேல் வைத்த நம்பிக்கையாகவும் வெளிப்பட்டது.

பிரசங்கங்களில் நான் கேட்டுப் பழகியது வேறு. அங்கே பயமும் விசுவாசமும் எதிர்ச்சொற்கள். பயப்படுகிறாயா, உன் விசுவாசத்தில் குறை இருக்கிறது. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனுக்குப் பயந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு, அடியோடு சேர்த்து இந்தக் குற்ற உணர்ச்சியும் கிடைக்கிறது. பழைய வேதாகமத் தமிழில் 'விசுவாசம்' என்றிருந்த சொல், 1995-இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் 'நம்பிக்கை' ஆனது. நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். விசுவாசம் என்ற சொல்லில் எசமானுக்கு முன் நிற்கும் வேலைக்காரனின் வாடை இருக்கிறது. நாயைப் பற்றியும் அப்படித்தானே சொல்கிறோம். நம்பிக்கை சமமாக உட்கார்ந்து பேசுபவர்களுக்கு இடையிலும் வரக்கூடியது. ஆனால் சொல்லை மாற்றியவர்கள் பிரசங்கத்தை மாற்றவில்லை.

மாற்கு நற்செய்தியின் முடிவு இந்த இடத்தில் எனக்கு உதவுகிறது. கல்லறைக்குப் போன மகதலா மரியாவும் யாக்கோபின் தாய் மரியாவும் சலோமியும், கல் புரட்டப்பட்டிருப்பதையும் வெள்ளை உடையில் இளைஞன் ஒருவன் இருப்பதையும் பார்க்கிறார்கள். அவன் பயப்பட வேண்டாம் என்கிறான். அவர்கள் பயந்து ஓடுகிறார்கள், யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சீனாய்ப் பிரதி, வத்திக்கான் பிரதி என்னும் இரு பழைய கைப்பிரதிகளிலும் மாற்கு அங்கேயே, 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்திலேயே நின்றுவிடுகிறது. இப்போது நம் கையிலுள்ள வேதாகமத்தில் அதற்குப் பின் வரும் 12 வசனங்கள் பிற்பாடு சேர்க்கப்பட்டவை என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. ஒரு நற்செய்தி பெண்களின் பயத்தில் முடிவதைப் பின்வந்தவர்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. எனக்கோ அந்தப் பழைய முடிவுதான் உண்மையானதாகப் படுகிறது. சீடர்களில் ஆண்கள் எல்லோரும் ஓடி ஒளிந்த பிறகு, அதிகாலையிலேயே சுகந்த வர்க்கங்களோடு கல்லறைக்குப் போனவர்கள் அவர்கள்தாம். கல்லை யார் புரட்டுவார்கள் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே போனார்கள். யாருக்கும் தெரியவில்லை. தெரியாமலே போனார்கள்.

விருத்தாசலத்தில் இருந்துகொண்டு வீரமாமுனிவரைப் படிப்பதில் ஒரு வசதி உண்டு. அவர் கட்டியதாகச் சொல்லப்படும் கோணான்குப்பம் கோயில் பக்கத்தில்தான் இருக்கிறது. முகாசாபரூர்ப் பாளையக்காரர் கச்சிராயர் குடும்பத்துக்குப் பிள்ளைவரம் கிடைத்ததும், புதருக்குள் கிடந்த மாதா சுரூபமும், முனிவர் தமிழ்ப் பெண் உருவில் மாதாவை வரைந்து அனுப்பி மணிலாவிலிருந்து சுரூபம் வரவழைத்ததும் அங்கே வாய்மொழியாக வழங்கும் கதைகள். தேம்பாவணியை அங்கே வைத்து எழுதினார் என்பதும் மரபு. எது வரலாறு, எது பக்தி என்று பிரிக்கும் வேலை இங்கே எனக்கில்லை. அவர் மாதாவுக்கு இட்ட பெயர்தான் என் அக்கறை. அது பெரியநாயகி. விருத்தகிரீசுவரர் கோயில் அம்மனுக்கும் அதுவே பெயர். சேலை கட்டிய மாதாவுக்கு ஊர் அம்மனின் பெயரையே வைத்ததால், தை மாதத் திருவிழாவுக்குப் போகும் பெண்களில் யார் ஞானஸ்நானம் பெற்றவர், யார் பெறாதவர் என்று சொல்வது கடினம். எங்கள் ஊர்ப் பீங்கான் வேலையிலும் இப்படித்தான். அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்துப் பிசிறை வழித்தெடுக்கும் கைக்கு, உள்ளே இருப்பது பிள்ளையாரா மாதாவா என்பது பெரிய விஷயமில்லை. ஈரம் காயாமல் சூளைக்குப் போனால் இரண்டும் ஒரே மாதிரிதான் வெடிக்கும்.

இந்தப் பெயர்ப் பொருத்தத்தை 'பண்பாட்டுமயமாக்கல்' என்று இறையியலாளர்கள் பாராட்டுவார்கள். முனிவரின் சாமர்த்தியம் என்று மறுதரப்பார் சொல்வார்கள். இரண்டு தரப்பும் முனிவரைத்தான் பார்க்கின்றன. வேண்டிக்கொள்ளப் போகிற பெண்களைப் பார்ப்பதில்லை. அவர்கள் எதற்குப் பயந்து போகிறார்கள்? பிள்ளை இல்லை என்று புகுந்த வீடு பேசும் பேச்சுக்கு. மூன்றாவதும் பெண்ணாகிவிடுமோ என்ற கலக்கத்துக்கு. பிள்ளைவரம் கேட்டுத் தொட்டில் கட்டும் வழக்கம் நம் பக்கத்தில் கோயில் மரத்துக்கும் உண்டு, மாதா கெபிக்கும் உண்டு. பெண் குழந்தை வேண்டும் என்று கேட்டுத் தொட்டில் கட்டிய யாரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

இன்னொரு தொட்டிலும் உண்டு. 1992-இல் சேலம் மாவட்டத்தில் அரசு தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம். கொல்லாதீர்கள், இங்கே போட்டுவிட்டுப் போங்கள் என்று பெற்றோருக்குச் சொன்ன திட்டம் அது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் அது கடலூர், அரியலூர் உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிந்தது. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களில் 1000 ஆண் குழந்தைகளுக்கு 900 பெண் குழந்தைகள்கூட இல்லாத மாவட்டங்களாக அவை இரண்டும் அந்தக் கணக்கெடுப்பில் நின்றன. கோணான்குப்பம் கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. முனிவர் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கலம்பகம் பாடிய ஏலாக்குறிச்சி அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஒன்பது பெண் குழந்தைகளை ஆற்றிலிருந்து காப்பாற்றிய கதையின் நாயகியைத் தமிழில் பாடிவைத்த மனிதர் நடமாடிய மண் இது. அம்மானையோ பெண்கள் காய்களை எறிந்து பிடித்து ஆடிக்கொண்டே பாடிய பாட்டின் பெயர். பெண்களின் வாய்க்கென்றே அமைந்த வடிவத்தில், பெண் சிசுவைக் காப்பாற்றிய கதை. அது நூலகத்திலேயே தங்கிவிட்டது. பிரசங்க மேடைக்குக் கித்தேரியின் கன்னிமை மட்டும் போய்ச் சேர்ந்தது.

இனி தேம்பாவணி. அது ஒரு பெண் எழுதிய புத்தகத்தின் மேல் நிற்கிறது என்பதை ஆய்வேடுகள் அறியும், வகுப்பறைகள் அறியா. ஸ்பெயினில் ஆகிரதா என்னும் சிற்றூரில் 1602-இல் பிறந்த மரியா என்ற கன்னியாஸ்திரி எழுதிய 'கடவுளின் நகரம்' என்ற நூலே முனிவருக்கு முக்கிய மூலம். இந்தக் கடனை அவர் தம் நூலிலேயே ஒப்புக்கொள்கிறார். மரியாவின் தாய் தம் வீட்டையே கன்னியர் மடமாக மாற்றியவர். அதே மடத்தில் இருபத்தைந்து வயதில் தலைவியானார் மரியா. மாதாவின் வாழ்க்கையை மாதாவே தமக்குச் சொன்னதாக எழுதினார். பெண்கள் இப்படிப்பட்ட விஷயங்களை எழுதக் கூடாது என்று அவருடைய வழக்கமான ஆன்ம குரு ஊரில் இல்லாதபோது வந்த இன்னொரு குரு கட்டளையிட, எழுதியதைத் தீயில் போட்டார். 1650-இல் விசாரணை மன்றத்தின் ஆட்கள் மடத்துக்கே வந்து நாள்கணக்கில் அவரைக் கேள்வி கேட்டார்கள். அந்தக் காலத்து ஸ்பெயினில் அந்த மன்றத்தின் முன் உட்காருவது எப்படிப்பட்ட பயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதற்கும் பிறகு, 1655-இல், மறுபடி முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். 1660-இல் முடித்தார். 1665-இல் இறந்தார். புத்தகம் 1670-இல் வெளிவந்தது. 1681-இல் உரோமை அதைத் தடைசெய்து, சில மாதங்களிலேயே தடையை நிறுத்திவைத்தது.

எரித்தாரே, அது கீழ்ப்படிதல் இல்லையா என்று கேட்கலாம். கீழ்ப்படிதல்தான். எரித்ததை மறுபடி எழுதியதை என்ன பெயரிட்டு அழைப்பது? அவருடைய சபை அதையும் கீழ்ப்படிதல் என்றே சொல்லும். ஏனென்றால் எழுதச் சொன்னவர்களும் குருக்களே. நான் அப்படிப் படிக்கவில்லை. இது என் சொல் இல்லை, மாதாவின் சொல் என்று அவர் சொன்னதில் பக்தியும் உண்டு, தற்காப்பும் உண்டு. தன் பெயரில் பேசினால் வாயை அடைப்பார்கள் என்று தெரிந்த பெண், அடைக்க முடியாத ஒருத்தியின் பெயரில் பேசுகிறாள். அவளும் ஒரு பெண்ணாக இருக்கிறாள். மருத்துவச்சி தட்டிய கதவு போன்றதுதான் இதுவும்.

இந்த நூல் தமிழுக்கு வந்தபோது நடந்த மாற்றத்தைத்தான் நம் விமர்சகர்கள் பேசியிருக்க வேண்டும். மரியாவின் நூலுக்குத் தலைவி மாதா. தேம்பாவணிக்குத் தலைவன் வளன், அதாவது சூசையப்பர். பெருங்காப்பியத்துக்கு ஒப்பற்ற தலைவன் வேண்டும் என்கிறது தண்டியலங்காரம். அந்த விதியை முனிவர் மதித்தார். கண்ணகியின் பெயரால் நிற்காமல் சிலம்பின் பெயரால் நிற்கும் காப்பியமும், மணிமேகலை பெயரிலேயே ஒரு காப்பியமும் தமிழில் அவருக்கு முன்னே இருந்தன. அந்த வழியை அவர் எடுக்கவில்லை. ஒரு பெண், ஒரு பெண்ணைப் பற்றி, உயிர்ப் பயத்தோடு இரண்டு முறை எழுதிய கதை, தமிழில் கணவனின் காப்பியம் ஆனது. கவித்துவத்தில் தேம்பாவணிக்கு நான் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். மருதத்தையும் மழையையும் அவர் பாடியிருப்பதைப் படித்துவிட்டு இவர் வெளிநாட்டார் என்று நம்புவது கடினம். ஆனால் எகிப்துக்கு ஓடும் பகுதியைப் பாருங்கள். ஏரோதின் வாள் பின்னால் வருகிறது. கைக்குழந்தையோடு ஒரு இளம் தாய் பாலைவழியில் போகிறாள். அந்த வழியில் காப்பியம் அவளுக்குத் துணையாகத் தருவது யோசுவன் வெற்றிப் படலமும் சேதையோன் வெற்றிப் படலமும். அகதியாக ஓடும் பெண்ணுக்கு ஆறுதலாகப் படையெடுப்புக் கதைகள்! பெத்லகேமில் அன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த மற்றத் தாய்மாரை அவள் நினைத்திருக்க மாட்டாளா? தன் பிள்ளை தப்பியதற்கு நன்றி சொல்லும்போது தொண்டை அடைத்திருக்காதா?

முனிவருக்குப் பயம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. மறைப்பணிக்கு வந்த சில ஆண்டுகளிலேயே நெல்லைச் சீமையில் சிறைப்பட்டு மரண வாசல்வரை போய்த் திரும்பியவர் அவர். அடைக்கலம், காவல் என்ற சொற்கள் அவர் நூல்களிலும் கோயில்களிலும் திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

அடைக்கலம் என்ற சொல்லுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது: உள்ளே இடம் கொடுக்கும்போது வெளியே தள்ளப்படுபவர் யார் என்பது. 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தர் வெட்டப்பட்டார். நோயிலிருந்து குணமாகி ஞானஸ்நானம் பெற்ற தடியத்தேவர், குருவின் சொற்படி முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவள் கடலாயி, சேதுபதி கிழவன் குடும்பத்துப் பெண். அவள் போய் முறையிட்டதில்தான் எல்லாம் தொடங்கியது. பக்தி நூல்களில் அவள் ஏரோதியாள்; அருளானந்தர் திருமுழுக்கு யோவான். உவமை கச்சிதமாக உட்காருகிறது, அதனால்தான் அதை நான் சந்தேகிக்கிறேன். ஏரோதியாள் செய்தது சூழ்ச்சி. கடலாயி முறையோடு மணமாகி வந்த வீட்டிலிருந்து, தான் செய்யாத ஒன்றுக்காக வெளியே நிறுத்தப்பட்டவள். ஒரு ஆணின் மனமாற்றம் பல பெண்களைத் தெருவில் விட்டது. அருளானந்தரின் அஞ்சாமையை ஓரியூரின் செம்மண் சொல்கிறது. அவர் சாவுக்கு யாரும் நியாயம் கற்பிக்க முடியாது, எனக்கும் அந்த எண்ணமில்லை. விலக்கப்பட்ட மற்றப் பெண்கள் அரசனின் உறவாக இல்லாததால் முறையிடக்கூடப் போகவில்லை. அவர்கள் அந்த ராத்திரி எங்கே தூங்கினார்கள் என்று கேட்பது வேதசாட்சியத்தை இழிவுபடுத்துவதாகாது.

நம் காலத்துக்கு வந்தால், எறையூர். விருத்தாசலத்துக்குத் தூரமில்லாத ஊர். அங்கே பங்குக் கோயில் செபமாலை மாதாவுக்கு; தலித் கிறிஸ்தவர்கள் தாங்களே எழுப்பிக்கொண்ட சிற்றாலயம் சகாய மாதாவுக்கு. தங்களைத் தனிப் பங்காக அறிவிக்க வேண்டும் என்று அவர்கள் போராடியபோது, 2008 மார்ச் 9-ஆம் நாள் அதே மதத்து வன்னியர்கள் அவர்களுடைய வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தாக்கிய தரப்பில் இருவர் இறந்தனர். ஒரே ஊரில் ஒரே தாய் இரண்டு பெயரில் இரண்டு சாதிக்கு நின்றாள். அன்று கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளை அணைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் போய், பயப்படாதே, மாதா இருக்கிறாள் என்று யாரால் சொல்ல முடியும்? வெளியே கல்லோடு நின்றவர்களும் அவளிடம்தான் வேண்டிக்கொண்டு வந்தார்கள். எது விசுவாசம் என்ற கேள்விக்கு எந்தப் பிரசங்கத்திலும் எனக்கு இத்தனை கூர்மையான வடிவம் கிடைத்ததில்லை.

அந்தக் கேள்வியை எறையூருக்குப் பதினாறு ஆண்டு முன்பே எழுதியவர் பாமா. 'கருக்கு' 1992-இல் வந்தபோது அதன் மொழியைப் பற்றிச் சண்டை நடந்தது, சாதியைப் பற்றிப் பேச்சு நடந்தது. அது ஒரு விசுவாச நூல் என்பதைப் பெண்ணியர்களும் தலித்தியர்களும் கொஞ்சம் கூச்சத்தோடு தாண்டிப் போனோம். பேயையும் நரகத்தையும் காட்டி, அடித்து ஊட்டப்பட்ட சிறுவயதுப் பக்தியை அவர் எழுதுகிறார். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பிக் கன்னியர் மடத்தில் சேர்ந்ததையும், அங்கே சாதியும் வசதியும் செபத்தோடு சேர்ந்து வாழ்வதைக் கண்டதையும் எழுதுகிறார். பனங்கருக்கின் இரண்டு பக்கக் கூர்மையை வேதாகமம் பேசும் இருபுறமும் வெட்டும் வாளோடு சேர்த்து நினைப்பது அவருடைய முன்னுரை. வேதத்தை வெறுத்தவர் எழுதுகிற வாக்கியம் இல்லை அது. மடம் வேதத்தைப் பூட்டிவைத்திருப்பதைப் பார்த்து, அதைத் தன் தெருவுக்கு எடுத்துப்போனவர் எழுதுவது.

ஏழு ஆண்டு இருந்த மடத்தைவிட்டு வெளியே வந்தபோது வேலை கையில் இல்லை, ஊருக்குத் திரும்பினால் ஆயிரம் கேள்வி. வெளியே வந்தபின் பிடித்துக்கொண்ட பயத்தை அவர் மறைக்கவில்லை. துணிச்சல்காரியாகத் தன்னைக் காட்டிக்கொள்ளவும் இல்லை. மரியா எரித்ததை மடத்துக்குள்ளேயே இருந்து மறுபடி எழுதினார். பாமா வெளியே வந்து எழுதினார். இரண்டில் எது பெரிது என்று என் மாணவிகள் ஒருமுறை வாதிட்டார்கள், மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. பின் வரிசையில் இருந்த ஒருத்தி மட்டும் வேறொன்று கேட்டாள்: அந்த மருத்துவச்சி ஒன்பது பிள்ளைகளையும் ஒரே நாளில் கொண்டுபோய்க் கொடுத்தாளா, இல்லை ஒவ்வொன்றாகவா?